ஒரே அறையில் 110 வில்லியம்கள்

1171ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ். பிரான்சின் வடக்கே, நார்மண்டியில் பாயோ நகரத்துக்குப் பக்கத்தில் ப்யூர் என்ற ஊரில் பெரிய விருந்து நடக்கிறது. விருந்து வைப்பவன் இளைய ஹென்றி, இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியின் மகன், அப்பா உயிரோடு இருக்கும்போதே முடிசூட்டப்பட்டவன். வந்திருந்த பெரிய அதிகாரிகளில் இரண்டு பேருக்கு வில்லியம் என்று பெயர். இரண்டு பேரும் ஓர் அறையில் சாப்பிட உட்கார்ந்தவர்கள், வில்லியம் என்ற பெயர் இல்லாத யாரும் இந்த அறையில் சாப்பிடக் கூடாது என்று சொல்லி மற்றவர்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்த குதிரைவீரர்களை எண்ணிப் பார்த்தால் 110 பேர்! கூடத்தில் அரசனோடு உட்கார்ந்து சாப்பிட்ட வில்லியம்கள் இந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. மோன் சான் மிஷேல் மடத்தின் தலைவராக இருந்த ராபர்ட் தொரிஞி என்பவர் தன் வரலாற்றுக் குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். எவ்வளவோ போர்களையும் மரணங்களையும் எழுதிய மனிதர், இதையும் எழுதத் தோன்றியதே என்று எனக்கு அவர் மேல் ஒரு பிரியம்.

குழந்தைக்குப் பெயர் தேடும் தளங்கள் எதைத் திறந்தாலும் வில்லியம் என்ற பெயருக்கு நேராக ‘உறுதியான காவலன்’ என்று போட்டிருக்கும். ஜெர்மானிய மூலம், இரண்டு பகுதிகள், ஒன்று ‘விருப்பம், மன உறுதி’, மற்றது ‘தலைக்கவசம்’, ஆகவே மன உறுதியோடு காப்பவன் என்று முடித்துவிடுவார்கள். பகுதிகள் சரிதான். பழைய ஜெர்மன் மொழியில் இது வில்லஹெல்ம். முன்பாதி இன்றைய ஆங்கில ‘வில்’, அதாவது நினைப்பதும் விரும்புவதும். பின்பாதி, வண்டி ஓட்டும்போது நாம் மாட்டிக்கொள்கிற ஹெல்மெட்டுக்குச் சொந்தக்காரச் சொல். அந்த ‘ஆகவே’யில்தான் எனக்குச் சண்டை. (அப்புறம், ‘வில்’ என்று ஆரம்பிப்பதால் அம்பு வில்லோடு முடிச்சுப் போட யாராவது கிளம்பினால், தயவுசெய்து வேண்டாம். ஒரு சம்பந்தமும் இல்லை.)

பழைய ஜெர்மானியர்கள் பெயர் வைத்த முறையைப் பார்த்தால் அந்த ‘ஆகவே’ ஏன் நிற்காது என்று புரியும். அவர்களிடம் பெயருக்கென்றே ஒரு சொல் மூட்டை இருந்தது. ஓநாய், ஈட்டி, வெற்றி, அமைதி, ஒளி, ஆட்சி, சண்டை, காவல், செல்வம், கல், தலைக்கவசம் என்று ஒரு சில டஜன் சொற்கள். அதில் இரண்டை எடுத்துக் கோத்தால் ஒரு பெயர். நம் ஊரில் முத்து, செல்ல, பாண்டி, துரை, ராஜ் என்று வைத்துக்கொண்டு முத்துப்பாண்டி, செல்லத்துரை, பாண்டித்துரை, முத்துராஜ் என்று கோத்துக்கொண்டே போவதில்லையா, அதே வேலை. முத்துப்பாண்டி என்றால் ‘முத்து போன்ற பாண்டிய மன்னன்’ என்று யாரும் பொருள் பிரித்துப் பார்த்துக் கூப்பிடுவதில்லை. முத்து ஒருவர் வழியில் வந்திருக்கும், பாண்டி இன்னொருவர் வழியில் வந்திருக்கும்.

அங்கேயும் அப்படித்தான். வூஸ்டர் நகரத்தின் ஆயராக இருந்து 1095இல் இறந்த வுல்ஃப்ஸ்டான் என்ற பெரியவரின் பெயரைப் பிரித்தால் ஓநாய்க்கல் என்று வரும். ஓநாய்க்கல் என்றால் என்ன என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். அவருடைய அம்மா பெயர் வுல்ஃப்கிஃபு, அப்பா பெயர் எதெல்ஸ்டான். அம்மாவிடமிருந்து ஓநாய், அப்பாவிடமிருந்து கல். முடிந்தது. ஆறாம் நூற்றாண்டு ஃபிராங்கு அரசி ஒருத்தியின் பெயர் ஃபிரெடெகுண்ட், அதில் முதல் பாதி அமைதி, இரண்டாம் பாதி போர். ஹில்டெகுண்ட் என்ற பெயரில் இரண்டு பாதியுமே போர்தான், சண்டை-சண்டை என்று பெண்குழந்தைக்குப் பெயர்! ஒன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய அரசர் ஆல்ஃப்ரெட்டின் அப்பா எதெல்வுல்ஃப், அண்ணன்மார் எதெல்ஸ்டான், எதெல்பால்ட், எதெல்பெர்ட், எதெல்ரெட், அக்கா எதெல்ஸ்வித். அந்த வீட்டில் ‘எதெல்’ என்று கூப்பிட்டால் எத்தனை பேர் திரும்பிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. கடைக்குட்டி ஆல்ஃப்ரெட்டுக்கு மட்டும் முன்பாதியில் குறளியைப் போட்டு (‘ஆல்ஃப்’ என்பது அந்தக் காட்டுக் குறளிதான்), பின்பாதிக்கு அண்ணன் எதெல்ரெட்டிடமிருந்த ‘ரெட்’டை, அதாவது ஆலோசனையை, வைத்திருக்கிறார்கள்.

வில்லஹெல்ம் இந்த மூட்டையிலிருந்து வந்த ஒரு கோவை, அவ்வளவுதான். ‘வில்’ வில்ஃப்ரிட், வில்லிபால்ட், வில்லிப்ரோர்ட் என்று வேறு சொற்களோடும் சேர்ந்தது. ‘ஹெல்ம்’ ஆன்செல்ம் என்ற பெயரின் வாலில் உட்கார்ந்தது, அங்கே அதன் முன்பாதி தெய்வம். 1097இல் கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம், அரசர் இரண்டாம் வில்லியமோடு மல்லுக்கட்டி நாட்டை விட்டே போக வேண்டி வந்தது. ஒரு தலைக்கவசம் இன்னொரு தலைக்கவசத்தைத் துரத்தியடித்த கதை அது, ஆனால் அந்த இரண்டு பேருக்கோ சுற்றி நின்றவர்களுக்கோ அப்படித் தோன்றியிருக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் அப்போது அவர்கள் பேசிய பிரெஞ்சில் அந்தப் பெயர்களுக்குள் இருந்த சொற்கள் ஏற்கெனவே மங்கிப் போயிருந்தன. என் பேச்சே இதுதான். வில்லியம் என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியது அதன் பொருளால் இல்லை. பொருள் உறங்கிப்போன பிறகுதான் அது கிளம்பியது. யார் கையில் வாள் இருந்தது, யாரைப் பார்த்து யார் வெட்கப்பட்டார்கள் என்பதில்தான் அதன் கதை இருக்கிறது.

முதலில் தெற்கு பிரான்ஸ். பேரரசர் சார்லமேனின் உறவினர் ஒருவர், துலூஸ் பகுதியின் பிரபு, பெயர் வில்லியம், அங்கே கியோம் அல்லது கில்லெம். 801இல் பார்சிலோனாவை முஸ்லிம்களிடமிருந்து பிடித்த படையில் இருந்தவர். 804இல் ஜெலோன் என்ற மலைப் பள்ளத்தாக்கில் ஒரு மடம் கட்டி, கொஞ்ச நாளில் வாளை வைத்துவிட்டு அங்கேயே துறவியாகப் போய்ச் சேர்ந்தார். அந்த ஊருக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான், சான் கில்லெம் லெ தெசேர். அவருடைய மருமகள் துவோதா, 840களில், அரண்மனையில் பிணைபோல இருந்த தன் மூத்த மகனுக்கு அறிவுரை சொல்லி லத்தீனில் ஒரு கையேடு எழுதினாள். அந்த மகனுக்கும் வில்லியம் என்றே பெயர், தாத்தா பெயர். யார் யாருக்காக நீ வேண்டிக்கொள்ள வேண்டும் என்று குடும்பத்தில் இறந்தவர்கள் பட்டியல் ஒன்றும் அதில் கொடுத்திருக்கிறாள், அதில் தாத்தா வில்லியமும் உண்டு. பையன் நெடுநாள் இருக்கவில்லை, அரசனை எதிர்த்துக் கிளம்பி, கையேடு எழுதி ஏழெட்டு ஆண்டுகளுக்குள் கொல்லப்பட்டான். துறவியான தாத்தா வீரகதைப் பாடல்களில் பெரிய நாயகனாகிவிட்டார். சண்டையில் மூக்கு நுனி வெட்டுப்பட்டு ‘குட்டை மூக்கு கியோம்’ என்று பட்டப்பெயர், ஆரஞ்ச் என்ற ஊரைப் பிடித்தவர் என்று கதை. இந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வில்லஹெல்ம் எப்படி கியோம் ஆனது என்று கேட்டால், லத்தீன் வழி வந்த மக்களுக்கு ஜெர்மானியர்களின் ‘வ’ வாயில் நுழையவில்லை. உதட்டைக் குவித்து ஊதும் ‘வ’ அது. அதற்கு முன்னால் ஒரு ‘க’வை முட்டுக் கொடுத்துத்தான் சொன்னார்கள். அதனால் பிரெஞ்சில் கியோம், இத்தாலியில் குல்யெல்மோ, ஸ்பெயினில் கியெர்மோ, போர்ச்சுகலில் கில்யெர்மெ. ஆனால் வடக்கே நார்மண்டிப் பக்கத்துப் பேச்சில் மட்டும் அந்த ‘வ’ அப்படியே நின்றது. ஆங்கிலத்தில் இதனாலேயே சில சொற்கள் இரட்டையாக இருக்கின்றன. வார்டன் என்றும் கார்டியன் என்றும் இரண்டு, வாரண்டி என்றும் கேரண்டி என்றும் இரண்டு. கடைக்காரர் வாரண்டி வேறு கேரண்டி வேறு என்று அரைமணி நேரம் விளக்குகிறாரே, அது ஒரே சொல்லின் நார்மண்டி வாயும் பாரிஸ் வாயும்தான். இங்கிலாந்துக்குப் போனது நார்மண்டி வாய். அதனால்தான் அங்கே அந்தப் பெயர் கில்லியம் ஆகாமல் வில்லியம்.

நார்மண்டிக்கு இந்தப் பெயர் வந்த விதமும் ரசமானது. 911 வாக்கில் வைக்கிங் தலைவன் ரோலோவுக்கு சேன் நதி கடலில் சேரும் பக்கத்து நிலத்தைப் பிரெஞ்சு அரசன் விட்டுக்கொடுத்தான், இனிமேல் கொள்ளையடிக்காதே, மற்ற கொள்ளைக்காரர்களையும் பார்த்துக்கொள் என்ற ஏற்பாடு. ரோலோ வடநாட்டுப் பெயர். அவனுடைய மகனுக்கு என்ன பெயர்? வில்லியம். நீள்வாள் வில்லியம் என்பார்கள். ஞானஸ்நானம் வாங்கிய கொள்ளைக்காரன் மகனுக்கு, அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் வீட்டில் வைக்கிற பெயரைத்தானே வைப்பான். அந்த மகன் 942இல் சோம் நதியில் ஒரு தீவில் சமாதானம் பேசக் கூப்பிட்டுக் கொல்லப்பட்டான். பிறகு ரிச்சர்ட், ரிச்சர்ட், ரிச்சர்ட், ராபர்ட் என்று போய், 1035இல் ஏழெட்டு வயதில் பட்டத்துக்கு வந்தான் இன்னொரு வில்லியம். ஃபலேஸ் ஊரில் எர்லேவா என்ற பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமல் பிறந்த பிள்ளை, ஊரார் ‘முறைதவறிப் பிறந்தவன்’ என்று பேசியவன். இங்கிலாந்தைப் போரில் ஜெயித்து, 1066 டிசம்பர் 25 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் அதன் அரசனாக முடிசூடியவன், ‘வெற்றிவீரன் வில்லியம்’.

1065இல் நின்று இங்கிலாந்தைப் பார்த்தால் அங்கே வில்லியம் என்று கூப்பிட ஆளே கிடையாது என்றே சொல்லலாம். லண்டன் ஆயர் ஒருவர் இருந்தார், அவரும் நார்மண்டியிலிருந்து வந்தவர். இத்தனைக்கும் ஆங்கிலேயர்களிடமும் அதே சொல் மூட்டை இருந்தது, அவர்களும் ஜெர்மானியர்கள்தான். கிழக்கு ஆங்கிலிய அரசர்களின் பழைய வம்சாவளிப் பட்டியலில் வில்ஹெல்ம் என்று ஒரு மூதாதைகூட உண்டு. ஆனால் நடப்பில் இல்லை. காட்ரிக், லியோஃப்வின், எதெல்ரெட், வுல்ஃப்னோத், டோஸ்டி, ஹெரெவார்ட், இவைதான் தெருவில் கேட்ட பெயர்கள்.

இவையெல்லாம் போன வேகம்தான் வியப்பு. யாரும் சட்டம் போடவில்லை. கேலி போதுமானதாக இருந்தது.

மூன்று பேரைச் சொல்கிறேன். 1075இல் ஷ்ரூஸ்பரிக்குப் பக்கத்தில் பிறந்த பையன் ஒருவனுக்கு, ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியார் தன் பெயரையே வைத்தார், ஆர்டெரிக். பத்து வயதில் அவனை நார்மண்டியில் சான் எவ்ரூல் மடத்துக்கு அனுப்பிவிட்டார் அப்பா. அங்கே இருந்தவர்களுக்கு அந்த ஆங்கிலப் பெயர் காதில் கரடுமுரடாக விழுந்ததாம், விட்டாலிஸ் என்று மாற்றிவிட்டார்கள். பிற்காலத்தில் மிகப்பெரிய வரலாற்று நூல் எழுதிய மனிதர் அவர், மொழி தெரியாத ஊரில் சிறு பையனாகப் போய் நின்றதை வயதான காலத்தில்கூட மறக்காமல் எழுதியிருக்கிறார். நூலில் தன்னை ‘ஆங்கிலேயன்’ என்றுதான் சொல்லிக்கொண்டார். இன்று நூலக அட்டைகளில் அவருக்கு இரண்டு பெயரும் சேர்ந்து ஆர்டெரிக் விட்டாலிஸ் என்று நிற்கிறது.

அடுத்தது வட இங்கிலாந்தில் விட்பி பக்கத்துப் பையன். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அப்பா அம்மா வைத்த பெயர் டோஸ்டி, வடநாட்டுச் சாயலுள்ள நல்ல பழைய பெயர், 1066இல் செத்த ஹரால்ட் மன்னனின் தம்பிக்கும் அதே பெயர்தான். கூட விளையாடிய பிள்ளைகள் கேலி செய்து சிரித்ததால் பெயரை மாற்றினார்கள். எதுவாக என்று சொல்லவும் வேண்டுமா? வில்லியம். அந்தக் கேலி செய்த பிள்ளைகள் எல்லாம் நார்மன், அதாவது நார்மண்டிக்காரர், வீட்டுப் பிள்ளைகளாக இருந்திருக்க முடியாது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஜெயித்தவன் சிரிப்பதற்கு முன்னால் தோற்றவன் வீட்டுப் பிள்ளையே சிரிக்கப் பழகிவிடுகிறான். அந்த டோஸ்டி-வில்லியம் பிறகு டர்ஹாமில் துறவியாகி பார்த்தலோமியு என்று மூன்றாவது பெயர் வாங்கி, ஃபார்ன் தீவில் பல பத்தாண்டுகள் தனியாக இருந்து 1193இல் இறந்துபோனார்.

மூன்றாவது ஆள் அரசி. வெற்றிவீரன் வில்லியமின் கடைசி மகன் முதலாம் ஹென்றி 1100இல் கல்யாணம் செய்துகொண்ட பெண், பழைய ஆங்கில அரச ரத்தம் உள்ளவள், பெயர் எடித். நார்மன் பிரபுக்கள் மத்தியில் எடித் என்ற அரசி எடுபடாது, மட்டில்டா ஆக்கிவிட்டார்கள். அப்படியும் விடவில்லை, ஆங்கிலேயப் பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காக அரசனையும் அரசியையும் ‘காட்ரிக், காட்கிஃபு’ என்று பட்டப்பெயர் வைத்து நக்கலடித்தார்கள். நாட்டுப்புறத்து ஜோடி என்று அர்த்தம். இதில் கூத்து என்னவென்றால் எடித்தும் மட்டில்டாவும் ஒரே மூட்டையிலிருந்து வந்தவை, இரண்டிலும் பின்பாதி போர்தான், எடித்தில் செல்வம்-போர், மட்டில்டாவில் வலிமை-போர். ஒரு ஜெர்மானியப் பெயரைக் கேவலம் என்று தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு ஜெர்மானியப் பெயரை வைத்தார்கள், அது பிரெஞ்சு வாய் வழியாக வந்தது என்ற ஒரே காரணத்துக்காக. அந்தத் தம்பதியின் மகனுக்குத் தாத்தா பெயர், வில்லியம். கூடவே ‘அடெலின்’ என்று ஓர் ஒட்டு, அது பட்டத்து இளவரசனைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல் ‘எதெலிங்’ பிரெஞ்சு நாக்கில் புரண்டது. வில்லியம் அடெலின் என்ற அந்தப் பையனுக்குள் இரண்டு நாடும் சேர்ந்திருக்க வேண்டியது. 1120 நவம்பர் 25 இரவு, அவன் ஏறிய ‘வெள்ளைக் கப்பல்’ என்ற கப்பல் பாறையில் மோதி மூழ்கியபோது அவனும் போய்விட்டான். அதற்குப் பிறகு யார் ஆள்வது என்று வந்த சண்டை நாட்டையே உலுக்கியது தனிக் கதை.

வேலைக்காரன், குடியானவன் என்று எல்லோருமே தன் பண்ணையார் பெயரைப் பிள்ளைக்கு வைக்க ஆரம்பித்தார்கள். பண்ணையாரே ஞானத் தகப்பனாக நின்று தன் பெயரைக் கொடுத்த இடங்களும் உண்டு. ஒன்றரை நூற்றாண்டுக்குள் எதெல்களும் வுல்ஃப்களும் ஏறக்குறையத் துடைத்துப் போயின. தப்பிப் பிழைத்ததில் முக்கியமானது எட்வர்ட், அதற்கும் ஒரு புனிதர் தேவைப்பட்டார். மூன்றாம் ஹென்றி, புனித எட்வர்ட் மேல் இருந்த பக்தியால் 1239இல் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரை வைத்ததால் அது மறுபடி அரண்மனைக்குள் வந்தது. ஆல்ஃப்ரெட்டுக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டு விக்டோரியா காலத்துப் பழமை மோகம் வரும்வரை பெரிய வாழ்வு கிடைக்கவில்லை.

இங்கேதான் ப்யூர் விருந்துக்கு வர வேண்டும். பழைய முறையில் ஒரு ஊரில் ஒரே பெயர் இரண்டு பேருக்கு வருவது அபூர்வம், சொற்களை மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டே இருக்கலாம். புதிய முறையில் பெயரை உடைக்க முடியாது, முழுதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், எடுக்கத் தகுந்த பெயரும் கொஞ்சம்தான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், ரால்ஃப், ஹ்யூ, பிறகு ஜான். அதனால் ஒரு அறையில் 110 வில்லியம் சேர்ந்தார்கள். தெருவில் வில்லியம் என்று கூப்பிட்டு ஒருவரைத் தனியாகப் பிடிக்க முடியாது என்ற நிலை வந்ததும் மக்கள் செல்லப் பெயர்களாகத் தட்டினார்கள். வில், வில்கின், வில்காக், வில்லெட், பிறகு அதற்கெல்லாம் மகன்கள். வில்சன், வில்லியம்சன், வில்கின்சன், வில்காக்ஸ், வில்லிஸ், கில்லம், எல்லாம் இதன் குட்டிகள். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே இருக்கும் மான் தீவில் ‘மாக் உய்லியம்’ தேய்ந்து குவில்லியம் ஆனது. ட்ரஃபால்கர் கடற்போரில் நெல்சனின் விக்டரி கப்பலில் முதல் லெஃப்டினண்டாக இருந்த ஜான் குவில்லியம் அந்த ஊர்க்காரர். வேல்ஸில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராக உறைந்து வில்லியம்ஸ்கள் குவிந்தார்கள். அமெரிக்காவில் இன்றைக்கு ஸ்மித், ஜான்சனுக்கு அடுத்து மூன்றாவது பெரிய குடும்பப் பெயர் வில்லியம்ஸ், அதில் கிட்டத்தட்ட பாதிப் பேர் கறுப்பின மக்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு எந்தச் சந்தையில், யாருடைய பண்ணையில் ஒட்டியது என்பதை யோசித்தால், 1066க்குப் பிறகு ஆங்கிலேயக் குடியானவனுக்கு நடந்தது ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

கன்னியாகுமரி, தூத்துக்குடிப் பக்கம் வில்சன் என்பது நேரடியாகப் பிள்ளைக்கு வைக்கும் பெயர். ‘வில்லின் மகன்’ என்ற குடும்பப் பெயர், மிஷனரி காலத்தில் இங்கே வந்து, ஆள்பெயராகி, அந்த வில்சனுக்கு மகள் பிறந்தால் கடவுச்சீட்டில் அவளும் வில்சன். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது, நான் மாற்றச் சொல்ல மாட்டேன்.

பறவைக்கும் நிறுத்தக்குறிக்கும்கூட இந்தப் பெயர் போயிருக்கிறது. வடகடல் பாறைகளில் கூட்டம் கூட்டமாக நிற்கும் கில்லிமாட் என்ற கடற்பறவை, ‘குட்டி கியோம்’ என்றுதான் பொருள். பிரெஞ்சுக்காரர்கள் மேற்கோளுக்குப் போடும் அம்புமுனை போன்ற இரட்டைக் குறிக்கு கியெமே என்று பெயர். பதினாறாம் நூற்றாண்டில் அச்செழுத்து வெட்டிய கியோம் லெ பே என்பவர் பெயரால் வந்தது என்பார்கள்.

சரி, ஆரஞ்ச். குட்டை மூக்குக் கியோம் பிடித்ததாகப் பாட்டில் வரும் அந்த ரோன் பள்ளத்தாக்கு ஊர், பின்னால் ஒரு சிறு தனி ஆட்சியாகி, 1544இல் வாரிசில்லாமல் இறந்த ஒருவரின் உயிலால் பதினொரு வயது ஜெர்மன் பையன் ஒருவனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவன் பெயரும் வில்லியம்! நசாவ் குடும்பத்துப் பிள்ளை. இவர்தான் பிறகு ஸ்பெயின் அரசனை எதிர்த்து டச்சுக் கிளர்ச்சியை நடத்தி, 1584 ஜூலை 10 அன்று டெல்ஃப்ட்டில் தன் வீட்டுப் படிக்கட்டருகே சுட்டுக் கொல்லப்பட்டவர், ‘வாய்பேசா வில்லியம்’. நெதர்லாந்தின் தேசிய கீதம் இன்றும் இவர் வாயால் பாடுவதாகத்தான் இருக்கிறது. பதினைந்து பத்திகளின் முதலெழுத்துகளைக் கோத்தால் ‘வில்லெம் ஃபான் நசாவ்’ என்று வரும். டச்சுக் கால்பந்து அணி ஆரஞ்சு நிறத்தில் ஓடுவதும் அந்தத் தெற்கு பிரெஞ்சு ஊரின் பெயரால்தான், அந்த ஊரோ இப்போது பிரான்சில் இருக்கிறது.

அந்த வம்சத்தில் வந்த மூன்றாம் வில்லியம் 1688இல் இங்கிலாந்தில் இறங்கி மாமனாரைத் துரத்திவிட்டு அரசனானார். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய கோட்டைக்கு வில்லியம் கோட்டை என்று பெயர் வைத்தது இவருக்காக. அண்மையில் அதை விஜய் துர்க் என்று மாற்றினார்கள். 1690இல் அயர்லாந்தின் பாயின் நதிக்கரையில் அதே மாமனாரை, கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸை, இவர் தோற்கடித்தது அங்கே இன்னும் ஆறவில்லை. வட அயர்லாந்தின் புராட்டஸ்டன்ட் தெருக்களில் வெள்ளைக் குதிரை மேல் ‘பில்லி ராஜா’ சுவரோவியமாக இருக்கிறார், ஒவ்வொரு ஜூலை 12க்கும் ஊர்வலம். (வில் எப்படி பில் ஆனது என்றால், ராப் எப்படி பாப் ஆனதோ அப்படி. ஆங்கிலேயர்களுக்குச் செல்லப் பெயரின் முதலெழுத்தை மாற்றி எதுகை பாடுவதில் ஒரு குஷி.)

ஜெர்மனியில் வில்ஹெல்ம் கொஞ்சம் கனமான பெயராகிப் போனது. 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில், தோற்ற பிரெஞ்சுக்காரர்களின் கண்ணாடிக் கூடத்திலேயே, பிரஷ்ய வில்ஹெல்ம் பேரரசராக அறிவிக்கப்பட்டார். பேரன் இரண்டாம் வில்ஹெல்ம் முதல் உலகப் போரை முடிக்கத் தெரியாமல் முடித்து, 1918 நவம்பரில் எல்லை தாண்டி ஓடியது எங்கே என்றால் நெதர்லாந்துக்கு. அப்போது அங்கே ஆண்ட அரசி பெயர் வில்ஹெல்மினா. நேசநாடுகள் ஆளை ஒப்படை என்று கேட்டும் டச்சு அரசு கொடுக்கவில்லை. 1941 ஜூனில் டோர்ன் மாளிகையில் வில்ஹெல்ம் சாகும்போது நெதர்லாந்து ஹிட்லரின் கையில், வில்ஹெல்மினா லண்டனில் அகதி. அந்தக் காலத்துக்குப் பிறகு ஜெர்மன் பெற்றோருக்கு அந்தப் பெயர் தாத்தா பெயராகவே தங்கிவிட்டது.

அயர்லாந்துதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நார்மன் பிரபுக்கள் அங்கேயும் போனபோது வில்லியமும் போனது, ஐரிஷ் நாக்கில் உய்லியம் ஆனது, பிறகு தலையைத் தட்டிவிட்டு லியம். பாயின் போருக்குப் பிறகு வில்லியம் என்றால் ஒரு பக்கத்தின் பெயர், பில்லி ராஜாவின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய இளைஞர்கள், தங்கள் ஆங்கிலப் பெயர்களை ஐரிஷ் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டபோது, வில்லியம் என்று ஞானஸ்நானம் வாங்கியவர்கள் லியம் ஆனார்கள். 1892இல் லங்காஷயரில் ஒரு பிரிட்டிஷ் ராணுவ வீரரின் மகனாகப் பிறந்த வில்லியம் ஜோசஃப் மெல்லோஸ், லியம் மெல்லோஸாகி, 1916 எழுச்சியில் கால்வேயில் படை நடத்தி, உள்நாட்டுப் போரில் பிடிபட்டு, 1922 டிசம்பர் 8 அன்று டப்ளின் சிறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நிய அரசனின் பெயர் வேண்டாம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டதும் இன்னொரு அந்நியன், அவர்களுக்கு முந்தி வந்த நார்மன், விட்டுப்போன பெயர்தான். அதற்குள் எழுநூறு ஆண்டு ஓடியிருந்தது, அதனால் அது சொந்தப் பெயர். அதில் தவறு எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. எந்தப் பெயரும் ஏதோ ஒரு காலத்தில் வெளியிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும், எழுநூறு ஆண்டு போதாது என்றால் வேறு எவ்வளவு வேண்டுமாம்.

அமெரிக்காவில் 2017இலிருந்து ஆண்குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்படும் பெயர் லியம். 2024ஆம் ஆண்டுப் பட்டியலிலும் அதற்குத்தான் முதலிடம், வில்லியம் பத்தாவது. இரண்டையும் கூட்டினால் ஒரே பெயர் எவ்வளவு முன்னால் நிற்கும் என்று கணக்குப் போட யாரும் மெனக்கெடுவதில்லை, லியமை வைக்கிறவர்கள் அதை வில்லியம் என்று நினைத்தும் வைப்பதில்லை. பெயர்த் தளங்கள் மட்டும் லியமுக்கு நேராகவும் அதே ‘உறுதியான காவலன்’ என்று போட்டிருக்கின்றன. உறுதிக்குரிய ‘வில்’லில் கடைசி ‘ல்’ தவிர எல்லாம் டப்ளின் போகும் வழியிலேயே உதிர்ந்துவிட்டது, ஹெல்மிலும் ஹெ போய்விட்டது.